கழுத்து வலியும் மனமும்: ‘டென்ஷனைக் குறையுங்கள்’ என்றால் என்ன செய்வது?

கேள்வி இதுதான்: ஆறு மாதமாகக் கழுத்து வலி. பிடரியில் தொடங்கித் தோள்பட்டை வரை இழுத்துப் பிடிக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ‘லேசான தேய்மானம், ஒரு டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது’ என்று வந்தது. மருத்துவர் ‘பயப்பட ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறையுங்கள்’ என்று அனுப்பிவிட்டார். தூக்கம் கெட்டுவிட்டது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது. அப்படியானால் இந்த வலி மனப்பிரமையா? மனதைச் சரிசெய்தால் கழுத்து சரியாகிவிடுமா?

பிரமை இல்லை. உங்களுக்கு உண்மையாகவே வலிக்கிறது. மருத்துவர் சொன்னதும் தவறில்லை, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். மனஅழுத்தம் எந்த வழியாகக் கழுத்துக்கு வருகிறது, அதை எங்கே மறிக்கலாம் என்று சொல்லாமல் ‘டென்ஷனைக் குறை’ என்றால், கேட்பவர் காதில் ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்றுதான் விழும். நம் வலியை யாரும் நம்பவில்லை என்ற வருத்தமும் அதோடு சேர்ந்துகொள்ளும். மூன்று மாதத்தைத் தாண்டிய கழுத்து வலியில் ‘முதலில் கழுத்து, பிறகு மனம்’ என்றோ ‘முதலில் மனம், பிறகு கழுத்து’ என்றோ வரிசை வைப்பதுதான் பெரும்பாலும் தோற்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கீழே சொல்லும் எதுவும் இருந்தால் மூச்சுப் பயிற்சியோ மனப் பயிற்சியோ பிறகு. சட்டைப் பொத்தான் போடுவது, எழுதுவது போன்ற வேலைகளில் கை தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீரோ மலமோ கட்டுக்குள் இல்லாமல் போவது, தலையைக் குனிந்தால் முதுகு வழியே மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு: இவை தண்டுவடம் அழுந்துவதன் அறிகுறிகளாக இருக்கலாம். காய்ச்சலோடு விறைத்த கழுத்து, காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வந்த வலி, விழுந்தோ மோதியோ வந்த வலி, படுத்தாலும் எந்த நிலையிலும் தணியாத இரவு வலி: இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. இதுவரை இல்லாத கடுமையான கழுத்து வலி திடீரென்று வந்து, கூடவே தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல் இருந்தால் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கக்கூடும். நெஞ்சு அழுத்தமும் வியர்வையுமாகத் தாடைக்கும் கைக்கும் பரவினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டிலும் அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால், பெரும்பாலோருடைய கழுத்து வலி உங்களுடையதைப் போன்றதுதான். 2020-ல் உலகம் முழுவதும் சுமார் 20 கோடிப் பேருக்குக் கழுத்து வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

ஸ்கேன் அறிக்கையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பயம் பலருக்கு அங்கேதான் பிறக்கிறது. கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு ஜப்பானில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பாலோருக்கு இருந்தது. வலியே இல்லாதவர்களிடம் இவ்வளவு பரவலாக இருக்கும் ஒன்றை உங்கள் வலிக்கு ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. ‘எலும்பு தேய்ந்துவிட்டது’, ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்ற சொற்களைக் கேட்டவுடன் மனதில் ஒரு படம் விழுகிறது: உடையக்கூடிய கழுத்து, அசைத்தால் இன்னும் கெடும். அந்தப் படம் வந்த நாளிலிருந்து கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்புகிறோம். அசையாத மூட்டு விறைக்கிறது, வேலை இல்லாத தசை பலமிழக்கிறது, பிறகு சின்ன அசைவுக்கும் வலிக்கிறது. ‘பார்த்தாயா, கெட்டுத்தான் போயிருக்கிறது’ என்று பயம் உறுதியாகிறது. பயந்து தவிர்ப்பது வலியை வளர்க்கும் இந்தச் சுழலைத்தான் வலி மருத்துவத்தில் பயம்–தவிர்ப்பு மாதிரி என்கிறார்கள்.

வலி என்பதன் விளக்கத்திலேயே மனம் இருக்கிறது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-ல் ஏற்று 2020-ல் திருத்திய வரையறை, வலியை விரும்பத்தகாத ‘உணர்வும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம்’ என்கிறது. திசு பழுதாகியிருந்தால்தான் வலி என்று அது சொல்லவில்லை. மூளையில் எங்கே வலிக்கிறது, எவ்வளவு என்று கணக்கிடும் பகுதிகள் வேறு; ‘தாங்க முடியவில்லை’ என்ற தவிப்பை உண்டாக்கும் பகுதிகள் வேறு. 1997-ல் வெளியான ஒரு ஆய்வில், சூடான நீரில் கையை வைத்திருந்தவர்களிடம் அறிதுயில் (ஹிப்னாடிசம்) வழியாக அந்தத் தவிப்பை மட்டும் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். தண்ணீரின் சூடு மாறவில்லை. மூளையின் முன்புறச் சிங்குலேட் பகுதியின் செயல்பாடு மட்டும் தவிப்புக்கு ஏற்ப ஏறி இறங்கியது.

இன்னொரு பக்கம், மூளை வெறுமனே செய்தி வாங்கும் இடமாக மட்டும் இல்லை. தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கூட்டவோ மட்டுப்படுத்தவோ ஒரு கதவு இருக்கிறது என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு வலி ஆய்வாளர்கள் 1965-ல் எழுதினார்கள். அவர்கள் வரைந்த நுணுக்கங்கள் பின்னால் மாறின. ஆனால் மூளைத்தண்டிலிருந்து கீழே இறங்கும் நரம்புப் பாதைகள் அந்தக் கதவைத் திறக்கின்றன, அடைக்கின்றன என்பது உறுதியாகிவிட்டது. அந்தப் பாதைகள் பயன்படுத்தும் முக்கிய ரசாயனங்கள் செரட்டோனினும் நார்அட்ரினலினும். மனச்சோர்விலும் பதற்றத்திலும் பேசப்படுவதும் இதே இரண்டுதான். நாள்பட்ட வலியும் மனச்சோர்வும் அடிக்கடி சேர்ந்தே வருவதற்கு இந்தப் பொதுப் பாதை ஒரு காரணம்.

சரி, உடம்பில் இத்தனை இடம் இருக்கும்போது ஏன் கழுத்து? தலையின் எடை நாலரை முதல் ஐந்தரை கிலோ. அதைத் தாங்குவது ஏழு முள்ளெலும்புகளும் அவற்றைச் சுற்றிய தசைகளும். பிடரியிலிருந்து தோள் வரை விரிந்திருக்கும் ட்ரப்பீசியஸ் தசையில் மின்முனை வைத்துப் பார்த்தால், உட்கார்ந்தபடி மனக்கணக்குப் போடச் சொன்னாலே அது இறுகுவது தெரியும். கை எதையும் தூக்கவில்லை, மனம்தான் சுமக்கிறது. இப்படி லேசாக இறுகும்போது தசையிலுள்ள மிகச் சிறிய இழைகள்தான் முதலில் வேலைக்கு வருகின்றன, கடைசியில்தான் ஓய்வுக்குப் போகின்றன. கவலையில் நாள் முழுக்க ஒரு துளி இறுக்கம் மிச்சமிருந்தால் அந்த இழைகளுக்கு ஓய்வே கிடைப்பதில்லை என்பது ஒரு விளக்கம். பாரம் தூக்காமலேயே மாலையில் தோள் பிளப்பது இதனால்தான் என்று கருதுகிறார்கள்.

மூச்சும் இங்கே சம்பந்தப்படுகிறது. பதற்றத்தில் மூச்சு வயிற்றிலிருந்து மேல்நெஞ்சுக்கு ஏறிவிடும். மேல்நெஞ்சைத் தூக்குவது கழுத்தின் பக்கவாட்டிலும் முன்புறமும் உள்ள தசைகள். நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் 900 முறை அவை இழுபடுகின்றன. தாடையைக் கடித்துக்கொண்டிருக்கும் பழக்கமும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று. வலியால் தூக்கம் கெடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும் என்ற எதிர்த்திசை அதைவிட வலுவானது என்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. அதனால் உங்களைப் போல வலி, எரிச்சல், தூக்கமின்மை மூன்றும் இருப்பவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், தூக்கம் என்பேன். அது சரியானால் மற்ற இரண்டும் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும்.

இப்போது செய்ய வேண்டியவை. முதல் இரண்டு வாரம் இரவில் மூன்று எண்கள் மட்டும் எழுதுங்கள்: அன்றைய வலி 0 முதல் 10-க்குள், மனநிலை 0 முதல் 10-க்குள், முந்தைய இரவு தூங்கிய மணி. நாளுக்கு ஒரு முறைதான். மணிக்கு மணி வலியை அளந்து எழுதுபவர்களுக்குக் கவனம் முழுக்கக் கழுத்திலேயே ஒட்டிக்கொள்ளும், வலி கூடும். இரண்டு வாரம் முடிந்ததும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். தூக்கம் குறைந்த மறுநாள் வலி ஏறுகிறதா, மனநிலை இறங்கிய நாளில் ஏறுகிறதா, அல்லது இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் வேலை செய்த அளவைப் பொறுத்து ஏறுகிறதா என்பது அதில் தெரியும். எதில் அதிக நேரம் செலவிடலாம் என்பதை அது காட்டும்.

மனச்சோர்வை ஊகிக்காமல் அளக்கவும் வழி இருக்கிறது. பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி உள்ளவர்கள் இதைப் படிக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. தூக்கம், களைப்பு, பசி, கவனச்சிதறல் பற்றிய கேள்விகளில் வலியே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். எனவே முதல் இரண்டு கேள்விகளைத் தனியாகப் பாருங்கள்: எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமை, மனம் சோர்ந்து நம்பிக்கையற்றிருப்பது. இந்த இரண்டின் கூட்டு 3 அல்லது அதற்கு மேல் என்றால் அது வலியின் நிழல் மட்டுமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றுகிறதா என்பது. அதில் பூஜ்யத்தைத் தவிர வேறு எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம். அன்றே ஒரு மருத்துவரிடமோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ பேசுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். நாள்பட்ட வலியில் இந்த எண்ணம் வருவது அபூர்வமில்லை, மறைக்க வேண்டிய குற்றமும் இல்லை. வாகன விபத்துக்குப் பிறகு தொடங்கிய வலி என்றால், அந்தக் காட்சி கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதையும் சொல்லுங்கள். அதிர்ச்சி ஆறாமல் கழுத்து தளர்வது கடினம்.

உடற்பயிற்சிக்கு வருவோம். நான் இரண்டே இரண்டு பயிற்சிகளைத்தான் பரிந்துரைப்பேன். மனம் சோர்ந்திருக்கும்போது பன்னிரண்டு பயிற்சிகள் அச்சிட்ட தாளைக் கொடுத்தால் மூன்றாம் நாள் அது மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

முதலாவது, கழுத்தின் ஆழத்தில் உள்ள தசைகளுக்கு. முழங்காலை மடித்து மல்லாந்து படுங்கள், தலைக்கடியில் மெல்லிய துண்டு. தலையைத் தூக்காமல், ‘ஆமாம்’ என்று மிக லேசாகச் சொல்வது போல முகவாயை உள்ளே இறக்குங்கள். 10 வினாடி நிறுத்தி, 10 வினாடி ஓய்வு. பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை, ஆறு வாரம். எல்லோரும் செய்யும் பிழை, பலமாக அழுத்துவது. கழுத்தின் முன்புறம் இரு பக்கமும் கயிறு போல எழும் மேல்தசையை விரலால் தொட்டுக்கொண்டே செய்யுங்கள். அது புடைத்தால் பலம் அதிகம், பாதியாகக் குறையுங்கள். உதடு மூடி, பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். 10 வினாடி முடியாவிட்டால் 4 வினாடியில் தொடங்கினாலும் சரி.

இரண்டாவது, ரப்பர் பட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு இரு கைகளையும் பக்கவாட்டில், உடம்புக்குச் சற்று முன்னால் வரும்படி, தோள் உயரம் வரை மெதுவாகத் தூக்கி இறக்குவது. டென்மார்க்கில் அலுவலக வேலை பார்க்கும் 198 பேரை வைத்து 2011-ல் வெளியான ஆய்வில், இதை ஒரு நாளைக்கு 2 நிமிடம், வாரத்தில் 5 நாள், 10 வாரம் செய்தவர்களுக்கும் வலி தெளிவாகக் குறைந்தது. 12 நிமிடம் செய்தவர்களுக்கும் குறைந்தது. மனச்சோர்வில் இருப்பவருக்கு இது பெரிய நற்செய்தி. இரண்டு நிமிடம் எந்த மோசமான நாளிலும் கிடைக்கும். இதோடு நடை: இருபது நிமிடம், கைகள் வீசி. மனநிலையை உயர்த்தவும் தூக்கத்தை ஆழமாக்கவும் அதற்கு இணையான எளிய வழி குறைவு.

எங்கே தவறுகிறது? நல்ல நாளில் சேர்த்து வைத்த வேலை எல்லாம் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பதில். இந்த ஏற்ற இறக்கம் தசையைவிட மனதை அதிகம் உடைக்கிறது. ‘கொஞ்சம் சரியானாலே திரும்ப வந்துவிடுகிறது’ என்ற கசப்பு அங்கேதான் உருவாகிறது. எந்த வேலையாக இருந்தாலும் வலி ஏறாமல் எத்தனை நிமிடம் செய்ய முடிகிறது என்று மூன்று நாள் பார்த்து, சராசரியை எடுத்து, அதற்குச் சற்றுக் குறைவாகத் தொடங்குங்கள். வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டுங்கள். நல்ல நாளிலும் அளவைத் தாண்டாதீர்கள், கெட்ட நாளிலும் முழுவதுமாக விடாதீர்கள். பயிற்சியின்போது வலி இரண்டு புள்ளி வரை ஏறி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் அளவைக் குறைக்க வேண்டும், பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை.

மூச்சுப் பயிற்சி: 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஒரு கை வயிற்றில், ஒரு கை நெஞ்சில். வயிற்றுக் கை மட்டும் அசைய வேண்டும். ஐந்து நிமிடம், காலையும் படுக்கும் முன்பும். ‘ஆழமாக மூச்சு விடு’ என்று சொன்னதும் நெஞ்சு நிறைய இழுப்பவர்கள் அதிகம். அப்படி இழுத்தால் கழுத்துத் தசைதான் மறுபடி வேலை செய்யும், கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் மரமரக்கும். மெதுவாக விட வேண்டும் என்பதுதான் முக்கியம், நிறைய இழுப்பது முக்கியமில்லை.

தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்தார். கை, முகம், தோள், வயிறு, கால் என்று ஒவ்வொன்றாக ஐந்து வினாடி இறுக்கி, முப்பது வினாடி தளர விடுவது. கழுத்து வலி உள்ளவர்கள் தோளையும் கழுத்தையும் முழுப் பலத்தோடு இறுக்கினால் பிடித்துக்கொள்ளும்; மூன்றில் ஒரு பங்கு பலம் போதும். தசை தளர்வதோடு, தோள் எப்போது இறுகுகிறது என்பதை நாமே கண்டுபிடிக்கப் பழகுவதும் இதன் பலன். அந்தப் பழக்கம் வந்த பிறகு, ஃபோன் அடிக்கும்போதெல்லாம், கதவைத் திறக்கும்போதெல்லாம் தோளை இறக்கி, பற்களை விலக்கி ஒரு மூச்சு விடலாம். அதற்குத் தனி நேரம் வேண்டாம்.

தூக்கத்துக்கு: எழும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும், விடுமுறையிலும். சுமார் இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, தூக்கம் வந்ததும் திரும்பப் படுங்கள். படுக்கையில் விழித்தபடி வலியோடு போராடினால், படுக்கை என்றாலே மூளைக்கு விழிப்பு என்று பழகிவிடும். குப்புறப் படுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுத்தால் தலையணை தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்ப வேண்டும். மூக்கும் நெஞ்செலும்பும் ஒரே கோட்டில் இருந்தால் உயரம் சரி.

பயத்தை எதிர்கொள்வது பலர் விட்டுவிடும் பகுதி. கழுத்தைக் கருதி நீங்கள் நிறுத்திய செயல்களை எழுதுங்கள்: வண்டியைப் பின்னால் எடுக்கத் திரும்பிப் பார்ப்பது, குழந்தையைத் தூக்குவது, உயரத்து அலமாரியிலிருந்து எடுப்பது. ஒவ்வொன்றுக்கும் பயத்துக்கு 0 முதல் 100-க்குள் ஒரு எண் கொடுங்கள். 20, 30-ல் இருப்பதில் தொடங்கி, தினமும் செய்யுங்கள். செய்யும் முன் ‘என்ன ஆகும் என்று நினைக்கிறேன்’ என்று எழுதி, செய்த பின் என்ன ஆனது என்று எழுதுங்கள். மனதை வாதாடி மாற்ற முடியாத இடத்தில் இந்தச் சிறிய சான்றுகள் மாற்றும். தனியாக முடியவில்லையென்றால், எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் அறிதல்–நடத்தைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து நடத்துவது மிக நல்ல அமைப்பு.

மருந்து பற்றி ஒரு தவறான எண்ணத்தை மாற்ற விரும்புகிறேன். மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்துகளான அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் என்றோ டுலோக்செடின் என்றோ வலிக்கு மருத்துவர் எழுதினால், மனநோய் என்று முடிவு கட்டிவிட்டதாகப் பலர் எண்ணி வாங்காமலேயே இருந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன இறங்கு பாதைகளின் ரசாயனங்களில்தான் இவை வேலை செய்கின்றன. எல்லோருக்கும் பலன் தருவதில்லை. தந்தாலும் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். திடீரென நிறுத்தக் கூடாது. ட்ரமடால் என்ற வலி மருந்து போன்றவற்றோடு சேரும்போது ஆபத்து உண்டு என்பதால் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் நிலை வரலாம். பிடரியிலிருந்து ஏறும் தலைவலி உள்ளவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கழுத்துப் பட்டையை வாரக்கணக்கில் மாட்டுவது தசையை இளைக்கச் செய்யும், ‘என் கழுத்து தானாக நிற்காது’ என்ற எண்ணத்தையும் வளர்க்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: ‘இன்னிக்கு வலி எப்படி?’ என்று ஒவ்வொரு வேளையும் கேட்பதும், எல்லா வேலையையும் பிடுங்கிச் செய்துவிடுவதும் அன்பால்தான். ஆனால் அது அவரை வலியோடு கட்டிப்போடும். ‘இன்னிக்கு நடந்துவிட்டு வரலாமா?’ என்பது இன்னும் உதவும்.

எவ்வளவு நாள் ஆகும்? ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கொடுங்கள். வலி எண் இறங்கும் முன்பே தூக்கமும் செய்ய முடிகிற வேலையும் கூடியிருப்பதுதான் வழக்கமான வரிசை, ஆகவே அவற்றைப் பாருங்கள். இடையில் ஒரு நாள் வலி கிளம்பும். அதற்கென ஒரு சிறிய தாளில் இப்போதே எழுதி வையுங்கள்: பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம், ஐந்து நிமிடம் மூச்சு, பயிற்சிகள் பாதி அளவில், நடை பத்து நிமிடம், இரண்டு அல்லது மூன்று நாளில் பழைய அளவு. வலி உச்சத்தில் இருக்கும்போது யோசிக்க முடியாது, தாளைப் பார்த்துச் செய்ய முடியும். பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் எதுவுமே நகரவில்லையென்றால், அந்த இரண்டு வாரக் குறிப்பையும் பிஎச்கியூ-9 மதிப்பெண்ணையும் எடுத்துக்கொண்டு வலி மருத்துவர் ஒருவரிடம் போங்கள். ‘ஸ்கேனில் என்ன இருக்கிறது’ என்பதோடு நிற்காமல், ‘தூக்கத்துக்கும் மனநிலைக்கும் சேர்த்து என்ன செய்யலாம்’ என்று கேளுங்கள்.